கந்தகமும் புஸ்வாணமும்

காளீஸ்வரன் சென்னையிலிருந்து கிட்டாரும் கையுமாக வேப்பங்குளம் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றைக்கே ஊர் அவனுக்குப் பேர் வைத்துவிட்டது. புஸ்வாணம். பட்டாசு செய்து பிழைக்கிற ஊரில் கேலிக்கும் பட்டாசுதான் கைகொடுக்கும். "என்ன மாப்ள, போகும்போது ராக்கெட்டுன்னாக, வரும்போது புஸ்வாணமால்ல வந்திருக்க" என்று கேட்டுவிட்டு டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்கள்.  கொஞ்ச நாளில் அவன் புதிதாக ஒரு ராக் குழு ஆரம்பித்தான், அதற்கு அந்தப் பேரையே வைத்தான். அதற்கப்புறம் கேலி பண்ணியவர்களுக்குத்தான் வாயில் வார்த்தை இல்லாமல் போயிற்று.

புஸ்வாணத்தில் மொத்தம் மூன்று பேர். டிரம்ஸ் வாசிக்க பாலகுரு. சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் பட்டாசு லேபிள் அடிக்கிற மிஷின் ஓட்டுகிறான். நாள் முழுக்க அந்த மிஷின் போடுகிற தாளம் சாயங்காலமும் அவன் கையை விட்டு இறங்காது. பாட பாலகுருவின் தங்கச்சி சினேகா. கிஃப்ட் பாக்ஸ் பேக்கிங் பண்ணுகிறவள், தொண்டையைத் திறந்தால் தகரக் கூரை அதிரும். தாயில்பட்டி ரோட்டில் மூடிக்கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து கூடுவார்கள். பங்குனி வெக்கையில் ஒரு பாட்டு முடிவதற்குள் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பாலகுரு வாங்கி வருகிற காரச்சேவும் பானைத் தண்ணீரும்தான் தெம்பு.

ஆனால் காளி அங்கே வாசித்தது பாட்டுக்காக இல்லை. பழிக்காக. அதை அவன் மறைக்கவும் இல்லை.

அவனுடைய பழைய குழுவுக்குப் பேர் 'கந்தகம்'. அந்தப் பேரை வைத்ததும் அவன்தான், முக்கால்வாசிப் பாட்டுக்கு மெட்டுப் போட்டதும் அவன்தான். கூடச் சேர்ந்தவன் மணிகண்டராஜ். ஊரில் பாதிச் சனம் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியின் முதலாளி காசிராஜனுடைய ஒரே மகன். ஊட்டியில் படித்து, காலேஜுக்கு மட்டும் இந்தப் பக்கம் வந்தவன். காலேஜில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. முதலாளி மகனும் அதே கம்பெனியில் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிறவள் மகனும் தோளில் கைபோட்டுத் திரிந்ததை ஊரே அதிசயமாகப் பார்த்தது.

காலேஜில் படிக்கும்போதுதான் காளியின் அக்கா செல்வலட்சுமி போனாள். லீவுக்கு வந்திருந்த காளி, மாடியில் உட்கார்ந்து தான் வாசிப்பதைப் போனில் பதிந்துகொண்டிருந்தான். கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் காசிராஜன் கம்பெனியில் பட்டாசு செய்கிற ரூம் ஒன்று வெடித்தது. போன் அது பாட்டுக்குப் பதிந்தது. முதலில் கிட்டார், அப்புறம் அந்தச் சத்தம், அப்புறம் "ஏ லெச்சுமீ" என்று அவன் போட்ட கூப்பாடு. அந்த ரூமில்தான் அவள் வேலை பார்த்தாள். போர்மேன்தான் மருந்தைக் கூடுதலாகக் கலக்கச் சொன்னான் என்று கேஸ் முடிந்தது. போர்மேன் உள்ளே போனான். காசிராஜன் வெளியூரில் இருந்ததாகச் சொன்னார்கள்.

அந்தப் பதிவை காளி அழிக்கவும் இல்லை, திரும்பக் கேட்கவும் இல்லை. சென்னைக்குப் போனபின் ஒருநாள் மனசு பொறுக்காமல் மணிகண்டராஜின் போனுக்கு மட்டும் அனுப்பினான். அதைக் கேட்டு அவன் கண் கலங்கி, காளியைக் கட்டிக்கொண்டான். நண்பன் என்றால் இவனல்லவா என்று காளி நினைத்தான். அடுத்த பாட்டு முழுதாகச் சேர்ந்து வந்தபோது, கேட்பதற்காக ஹெட்போனை மாட்டினான். நடுவில் எல்லா வாத்தியமும் நின்றது. ஒரு அமைதி. அப்புறம் அந்த ரூம் வெடித்தது. "ஏ லெச்சுமீ" என்று அவன் குரல் கேட்டது. அதன் மேலேயே டிரம்ஸ் வந்து விழுந்தது.

"இத எடுத்துரு" என்றான் காளி.

"எடுத்துட்டா பாட்டுல என்னடா இருக்கு? இது உங்கக்காவுக்கு நாம பண்ற மரியாதைடா. யோசிச்சுப் பாரு."

காளி யோசித்துப் பார்க்கவில்லை, கையை ஓங்கினான். அத்தோடு அவனுக்கும் கந்தகத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாயிற்று. பாட்டு பிரபலமாகி எங்கேயோ போய்விட்டது. போகிற இடமெல்லாம் அந்த இடம் வந்ததும் ஆயிரம் பேர் எம்பிக் குதித்து "ஏ லெச்சுமீ" என்று பதில் கூப்பாடு போடுகிறார்கள். லெச்சுமி யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. காளி அந்த வீடியோக்களை விடாமல் பார்த்தான். ஒவ்வொன்றும் அவன் வயிற்றில் ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டது.

அவன் அம்மா மாரித்தாய்க்கு இது எதுவும் தெரியாது. அவளிடம் இருந்தது பட்டன் போன். மகன் ஏன் திரும்பி வந்தான் என்று அவள் கேட்கவில்லை. வந்தானே என்று மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்தாள். தெரியவே கூடாது என்பதில் காளி கெட்டியாக இருந்தான். செத்துப்போன மகளின் பேரைச் சொல்லி எவனெவனோ குதிக்கிறான் என்று எந்தத் தாயிடம் போய்ச் சொல்வது?

*

பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு நாள் குறித்துச் சாட்டியாகிவிட்டது. மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு இந்த வருஷம் கந்தகம் வருகிறது, செலவு காசிராஜன் முதலாளி உபயம் என்ற செய்தியை பாலகுருதான் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கொண்டுவந்தான்.

"நமக்கு முன்னால அரை மணி நேரம் தாராகளாம். உள்ளூர்ப் பையகன்னு போனாப் போகுதுன்னு விட்டிருக்காக."

"அந்தப் பாட்டப் பாடுவானா?" என்றான் காளி.

"அதப் பாடாமயா? அதுக்குத்தான மவுசு."

சினேகா எழுந்து வந்தாள். "அண்ணே, இங்கன அந்தச் சத்தத்தப் போட்டா என்ன ஆகும்னு அவுகளுக்குத் தெரியாதா?"

"எப்பிடித் தெரியும்? அவன் எந்த வெடிக்கு ஓடியிருக்கான்?"

"அப்பம் நீங்க சொல்லுங்க. நாலு சனம் பதறி ஓடி, விழுந்து எந்திரிச்சுன்னு ஆகிப்போகும்."

"ஓடட்டும்."

"என்னண்ணே இப்பிடிப் பேசுதீக?"

"சனம் ஓடட்டும்த்தா. அவுகப்பன் முன் வரிசைல உக்காந்திருப்பான். மகன் என்ன சோலி பாத்திருக்கான்னு அவன் பாக்கட்டும். ஊரும் பாக்கட்டும். ஆயிரம் பேரு குதிச்ச பாட்டுக்கு இங்கன ஒருத்தன் குதிக்க மாட்டான். காலி மைதானத்துல நின்னு அவன் முழிக்கிற முழிய நான் கண்ணாரப் பாக்கணும்."

பாலகுரு குச்சியால் தன் முழங்காலில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தான். "இருந்தாலும் நம்ம சனம்லா காளி" என்றான். காளி கிட்டாரைச் சுருதி கூட்ட ஆரம்பித்தான்.

*

பொங்கலுக்கு முந்தின நாள் மணிகண்டராஜே வீடு தேடி வந்தான். சண்டை போட்ட நண்பன் வீட்டுக்கு வருவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்தான். அல்லது சண்டை எதற்கென்றே புரியாதவனாக இருக்க வேண்டும். மாரித்தாய் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். அலுமினியப் பவுடர் படிந்து கையும் முகமும் வெள்ளி பூசினாற்போலிருந்தன. முதலாளி மகனைக் கண்டதும் நிலைகொள்ளாத சந்தோஷம் அவளுக்கு.

"வாங்கய்யா, வாங்க. நல்லாருக்கீகளா? ஏலே, சேர எடுத்துப் போடு. கை கழுவிட்டு வாரேன், ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும்."

"இல்லம்மா, பரவால்ல."

"அதெல்லாம் முடியாது. கருவாட்டுக் கொளம்பு. வீட்டுல அய்யா திங்க விட மாட்டாக. இங்கன ஆரு பாக்கப்போறா?"

அவன் சப்பணம் போட்டு உட்கார்ந்து, விரலை நக்கிச் சாப்பிட்டான். மாரித்தாய் விசிறிக்கொண்டே மறு சோறு போட்டாள். காளி சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றான். அந்தத் தட்டைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

அம்மா தட்டைக் கழுவப் பின்பக்கம் போனதும் மணிகண்டராஜ் குரலைத் தாழ்த்தினான். "நீ இன்னும் கோவமாத்தான் இருப்ப. புரியுது. ஆனா உங்கிட்டத்தான்டா கேக்கணும்னு தோணுச்சு. இது நம்ம ஊரு. அந்தப் பாட்டை இங்க பாடலாமா?"

ஒரு சொல் போதும். வேண்டாம் என்று சொன்னால் அவன் விட்டிருப்பான். அந்த அளவுக்கு நல்லவன்தான். காளிக்கு அது நன்றாகத் தெரிந்தது. 

"பாடு" என்றான். "கடைசிப் பாட்டா வை."

"நிஜமாவா?"

"அந்த இடம் வரும்போது லைட்ட எல்லாம் அமத்திரு. சத்தத்த நல்லாக் கூட்டி வை. கோயில் குழாய் ஸ்பீக்கருலயும் இணைப்புக் குடுக்கச் சொல்லு, கம்பெனி முக்கு வரைக்கும் கட்டியிருக்காக. ஊரு பூராக் கேக்கட்டும்."

மணிகண்டராஜ் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "தேங்க்ஸ்டா. நீ மன்னிச்சிட்டேன்னே எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்கோ" என்றான் காளி.

*

பொங்கலன்று ஊரில் எல்லா ரூமுக்கும் லீவு. ஆனாலும் வடக்கே போக வேண்டிய ஆர்டர் ஒன்று கழுத்தைப் பிடித்ததால், காசிராஜன் கம்பெனியில் மட்டும் ரெண்டு ரூமை ரகசியமாகத் திறந்துவிட்டிருந்தார்கள். ரகசியம் என்பது தாசில்தாருக்குத்தான், ஊருக்கு இல்லை. அக்கினிச்சட்டி எடுத்து முடித்த கையோடு சில பேர் வேலைக்கும் லோடு ஏற்றவும் போயிருந்தார்கள். போர்மேன் அருள்பாண்டி சாவியைக் கொடுத்து ஆளை உட்காரவைத்துவிட்டு, முதலாளி கண்ணில் படவேண்டுமே என்று கோயில் மைதானத்துக்கு ஓடி வந்திருந்தான்.

காளி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். "நீ வராதம்மா. ஒனக்கு இந்த டமார் டமார் ஒத்துக்காது." அவளும் முழங்கால் வலி என்று படுத்துவிட்டாள். நிம்மதியாகத்தான் மேடை ஏறினான். முதல் பாட்டு முடிந்து தலையை நிமிர்த்தினால், பெண்கள் பக்கத்தில் இரண்டாவது வரிசையில், கனகாம்பரம் வைத்துக்கொண்டு மாரித்தாய் உட்கார்ந்திருக்கிறாள். சினேகா மேடையிலிருந்து அவளுக்குக் கை காட்டினாள். மகன் கச்சேரியைத் தாய் பார்க்காமல் இருக்கலாமா என்று அந்தப் பிள்ளைதான் போய்க் கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

புஸ்வாணம் நன்றாகவே வாசித்தது. இவ்வளவு நாள் கேலி பேசிய டீக்கடைக்காரர்கள் துண்டைச் சுற்றினார்கள். காளிக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. இறங்கியதும் நேராக அம்மாவிடம் போனான்.

"வீட்டுக்குப் போம்மா. நான் கொண்டுபோயி விடுதேன்."

"சும்மா இருலே. முதலாளி மகன் பாடப்போறாக. நேத்துத்தான் நம்ம வீட்டுல வந்து சாப்பிட்டுப் போயிருக்காக, பாதில எந்திரிச்சா நல்லாருக்குமா?"

"சொன்னாக் கேளு."

"ஒனக்கு அவுக மேல பொறாமைலே" என்று சிரித்தாள், பக்கத்திலிருந்தவளுக்கும் கேட்கும்படி.

காளி மேடையின் பின்பக்கம் போனான். மணிகண்டராஜைக் கூப்பிட்டு நிறுத்திவிடலாம் என்றுதான் போனான். கந்தகம் ஏற்கெனவே வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் படியில் கால் வைத்தபோது, மணிகண்டராஜ் மைக்கைப் பிடித்துப் பேசினான்.

"கடைசிப் பாட்டு. இதுல ஒரு சத்தம் வரும். அது நம்ம மண்ணோட சத்தம். என் சத்தம். அது வரும்போது எல்லாரும் என்கூடச் சேர்ந்து குதிக்கணும், சரியா?"

என் சத்தம். காளி படியிலிருந்து காலை எடுத்தான். பக்கவாட்டில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பாட்டு ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. விளக்குகள் அணைந்தன. மணிகண்டராஜ் தன் போனை மிக்ஸரில் செருகி வைத்திருந்தான். அந்தச் சத்தத்தை மட்டும் தன் கையாலேயே விடுவது அவன் வழக்கம். அழுத்தினான்.

வேட்டுச் சத்தம் வேறு, ரூம் வெடிக்கிற சத்தம் வேறு. இந்தப் பக்கத்தில் நடை பழகுகிற பிள்ளைக்கும் அது தெரியும். வேட்டு காதில் கேட்கும். ரூம் வெடித்தால் காலில் கேட்கும். மேடைப் பெட்டிகள் தரையைத் தூக்கிப் போட்டன. கம்பெனி முக்கு வரை கட்டிய குழாய்களும் சேர்ந்து அலற, சத்தம் கம்பெனியிலிருந்தே வந்த மாதிரி இருந்தது. அதன் பின்னாலேயே இருட்டில் "ஏ லெச்சுமீ" என்று ஒரு கூப்பாடு.

ஒருவரும் குதிக்கவில்லை. மைதானம் மொத்தமாக எழுந்தது. நாற்காலிகள் சரிய, செருப்பை விட்டு, முந்தானையை வாரிச் சுருட்டிக்கொண்டு சனம் கம்பெனி ரோட்டில் ஓடியது. "எந்த ரூமு, எந்த ரூமு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. புருசனை லோடு ஏற்ற அனுப்பியிருந்த பொன்னுத்தங்கம் விழுந்து எழுந்து ஓடினாள். அருள்பாண்டி எல்லாருக்கும் முன்னால் ஓடினான்.

காசிராஜன் முதலாளியும் ஓடினார். பொன்னாடையோடு முன் வரிசையிலிருந்து எழுந்து, வயசுக்கு மீறின வேகத்தில் காருக்குள் விழுந்தார். கார் விளக்கு எரிந்தது. கம்பெனி வடக்கே இருக்கிறது. கார் தெற்கே, ஹைவேயைப் பார்த்துத் திரும்பியது. காளி அதைப் பார்த்தான். அவன் கேட்டது ஒரு வாய் சோறு, அம்மன் இலை போட்டுப் பந்தியே வைத்துவிட்டாள்.

மேடையில் விளக்கு வந்தது. காலி மைதானத்தைப் பார்த்து மணிகண்டராஜ் முழித்தான். அப்போது அவன் போன் அடித்தது. மிக்ஸரில் செருகியிருந்த போன். மணியோசை ஊர் முழுக்கக் குழாயில் கேட்டது. அவன் பதறிப்போய் நிறுத்துவதற்குப் பதில் எடுத்துவிட்டான்.

"மணி, எங்க இருக்க?" என்றார் காசிராஜன். கம்பெனி முக்குக் குழாயிலும் அவர்தான் பேசினார். "கேளு. நான் ஊர்லயே இல்லை, காலைலயே மதுரைக்குப் போயாச்சு, அப்பிடியே சொல்லு. லீவு நாள்ல ரூம் தொறந்தது நமக்குத் தெரியாது. அருள்பாண்டிப் பய சாவியக் களவாண்டு தொறந்துட்டான். போன தடவை மாதிரியே முடிச்சிரலாம். வக்கீல்ட்ட நான் பேசிக்கிறேன். எத்தனை பேருன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

ஓடிக்கொண்டிருந்த சனம் குழாய்க்கு அடியில் அங்கங்கே நின்றது. கம்பெனிப் பக்கம் வானத்தில் புகையில்லை, தீயில்லை. கேட்டில் நின்ற வாட்ச்மேன், இந்தக் கூட்டம் எதற்கு வருகிறது என்று விழித்துக்கொண்டிருந்தான்.

அருள்பாண்டி திரும்பி நடந்தான். அவனுக்குப் பின்னால் ஊர் நடந்தது. போன மனிதன் முதலாளிக்கு நடுங்குகிறவன், வந்தவன் வேறு ஆள். மேடை ஏறி, ஒயரைக்கூடப் பிடுங்கத் தெரியாமல் நின்ற மணிகண்டராஜ் கையிலிருந்து போனை வாங்கினான்.

"மொதலாளி, நான் அருள்பாண்டி பேசுதேன். சாவிய நானா களவாண்டேன்?"

குழாயில் கார் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"போன தடவை உள்ள போனானே, அவனும் இப்பிடித்தான் களவாண்டானா மொதலாளி? சொல்லுங்க. ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு."

இணைப்பு அறுந்தது. மணிகண்டராஜ் டிரம்ஸுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனை யாரும் அடிக்கவில்லை. அவன் அங்கே இருப்பதையே யாரும் சட்டை செய்யவில்லை.

 காளிக்குச் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அக்கா இருந்தால் அவளைத் தூக்கிச் சுற்றியிருப்பான். அந்தச் சிரிப்போடு பெண்கள் பக்கம் திரும்பினான். சரிந்து கிடந்த நாற்காலிகளுக்கு நடுவில் மாரித்தாய் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிம்மா. போவோம்."

"அது உன் கொரலுதானலே" என்றாள். "லெச்சுமின்னு கூப்பிட்டது."

அவன் அவள் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தான்.

"என்ன சத்தம்லே அது? எல்லாரும் எதுக்கு ஓடுனாக?"

இனி மறைத்து என்ன? "அக்கா ரூம் வெடிச்சதும்மா. அன்னைக்கு மாடில என் போன்ல பதிஞ்சிருச்சு. அத அவன் எடுத்துப் பாட்டுல வச்சிட்டான்."

மாரித்தாய் மேடைப் பெட்டிகளைப் பார்த்தாள். "இம்புட்டுச் சத்தமாவா இருந்துச்சு" என்றாள். "நான் அடுத்த ரூம்லதான திரி கட்டிக்கிட்டு இருந்தேன். எனக்குக் கேக்கலையே. கண்ணுக்கு முன்னால வெள்ளையா வந்துச்சு, அம்புட்டுத்தான். முளிச்சா ஆஸ்பத்திரி. அதான் இப்பவும் பாட்டுன்னு நெனச்சு உக்காந்திருந்தேன்."

பொன்னுத்தங்கம் முழங்காலில் ரத்தம் ஒழுக வந்து பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.  "பாட்டாம்ல மதினி, வெறும் பாட்டாம்" என்று சிரித்தாள்; சிரித்தவாக்கிலேயே அழுதாள். மாரித்தாய் முந்தானையால் அவள் முழங்காலைத் துடைத்துவிட்டாள். துடைத்து முடித்துத்தான் தலையைத் தூக்கினாள்.

"ஊரே ஓடுச்சு. நீ ஏன்லே ஓடல?"

காளி சரிந்து கிடந்த நாற்காலி ஒன்றை நிமிர்த்தி வைத்தான்.

"கையக் கட்டிக்கிட்டு நின்ன. நான் பாத்தேன். வரப்போகுதுன்னு ஒனக்குத் தெரியும். அதான் என்னைய வீட்டுக்குப் போகச் சொன்ன."

"அந்தாளு ஓடுனதப் பாத்தியாம்மா? குழாயில பேசினதக் கேட்டியா? இத்தனை நாளு..."

"பாத்தேன். கேட்டேன். அவனுக்கு இது வேணும், இன்னமும் வேணும்." அவள் பொன்னுத்தங்கத்தைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினாள். "இவ நெஞ்சடைச்சு ரோட்டுல விழுந்து செத்திருந்தா, நீ ஆரு பேரச் சொல்லித் தப்பிச்சிருப்ப?"